ரிச்சர்ட் ரைட் திரும்பி வந்த ஆல்பம்

போன சனிக்கிழமை ராத்திரி நண்பன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் இரண்டு ஆல்பங்களை அடுத்தடுத்து முழுசாகக் கேட்டோம். முதலில் 1987-ல் வந்த ‘எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’, அடுத்து 1994-ல் வந்த ‘தி டிவிஷன் பெல்’. இரண்டுமே குழுவின் பேஸ் கிடார் கலைஞரும் முக்கியப் பாடலாசிரியருமான ரோஜர் வாட்டர்ஸ் விலகிப் போன பிறகு, கிடார் வாசித்துப் பாடும் டேவிட் கில்மர் தலைமையில் வந்தவை. இதில் எது உசத்தி என்று ஃப்ளாய்ட் ரசிகர்கள் முப்பது வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். நாங்களும் ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் போட்டோம். அவன் 87 கட்சி, நான் 94 கட்சி. அங்கே பாதியில் நின்றுபோனதை இங்கே முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமான பதிவு, நிதானமாகப் படியுங்கள்.

அவன் வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 87 ஆல்பத்தில் தனித்தனியாகப் பாட்டுகள் எழுந்து நிற்கின்றன என்கிறான். ‘லேர்னிங் டு ஃப்ளை’, ‘ஆன் தி டர்னிங் அவே’, ‘சாரோ’, இந்த மூன்றுக்குப் பக்கத்தில் நிற்க 94-ல் ‘ஹை ஹோப்ஸ்’ ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் ஒரே வேகத்தில் போகிற மெதுவான நீரோட்டம் என்பது அவன் கட்சி. அதோடு, 87-ல் ஒரு வெறி இருக்கிறது என்றான். வாட்டர்ஸ் 1986-ல் நீதிமன்றத்துக்குப் போய் பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயரையே இவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று வழக்குப் போட்டிருந்த நேரம். பெயர் கைக்கு நிற்குமா என்றே தெரியாமல் வேலை செய்தார்கள். தோற்றால் எல்லாம் போய்விடும் என்ற பதற்றம் ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறது என்றான்.

இதை நான் மறுக்கவே மாட்டேன். ‘சாரோ’ தொடக்கத்தை நல்ல ஸ்பீக்கரில் கேட்டவர்களுக்குத் தெரியும். கில்மர் கிடாரை வாசித்து, அந்தச் சத்தத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய விளையாட்டு அரங்கத்தின் ஒலிபெருக்கிகள் வழியாக வெளியே விட்டு, அரங்கத்தின் அதிர்வோடு சேர்த்துத் திரும்பப் பதிவு செய்தார்கள். அன்று ராத்திரி மேஜை மேல் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டு அதைக் கையால் காட்டினான். அப்படி ஒரு கிடார் சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஆனால் அதே ‘சாரோ’வில் டிரம்ஸ் வரும்போது கவனியுங்கள். அது மெஷின். கில்மர் தேம்ஸ் நதியில் நிற்கும் தன் படகு வீடு ‘அஸ்டோரியா’வில், அங்கேயே அமைத்த ஸ்டூடியோவில், வார இறுதியில் ஏறக்குறைய தனியாக உட்கார்ந்து அந்தப் பாட்டை உருவாக்கினார். நிக் மேசன் ஃப்ளாய்டின் முதல் நாளிலிருந்து இருக்கும் டிரம்மர். ஆனால் இந்த ஆல்பத்தின்போது அவருக்கே தன் கை மேல் நம்பிக்கை இல்லை, பல வருஷம் வாசிக்காமல் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதனால் ஜிம் கெல்ட்னர், கார்மைன் அப்பீஸ் என்று வெளி ஆட்கள் வந்து வாசித்தார்கள், மீதிக்கு மெஷின். பேஸ் கிடாருக்கு டோனி லெவின். பாடல் வரிகளுக்கு ஆந்தனி மூர். இசையமைப்பில் ஜான் கேரின், பேட்ரிக் லெனார்ட், ஃபில் மன்சனேரா என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு கூட்டாளி. எல்லாரும் பெரிய கலைஞர்கள்தான், யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த ஆல்பத்தின் உறையை விரித்தால் உள்ளே கில்மர், மேசன் இரண்டு பேர் படம்தான் இருக்கும். குழுவின் பழைய கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் அதில் கிடையாது. அவர் பெயர் வாசித்தவர்கள் பட்டியலில் மற்றவர்களோடு ஒன்றாக இருக்கிறது. ஒரு பாட்டின் இசையமைப்பிலும் அவர் பெயர் இல்லை.

என் வாதம் முழுக்க இந்த இடத்தில்தான் நிற்கிறது. வாட்டர்ஸ் போன பிறகு ஃப்ளாய்ட் ஃப்ளாய்டா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வாட்டர்ஸே 87 ஆல்பத்தைக் கெட்டிக்காரத்தனமான போலி என்று சொன்னார். எனக்கு அந்தக் கேள்வியைவிட வேறொரு கேள்வி முக்கியம்: ரைட் இருக்கிறாரா, இல்லையா?

ரைட் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971-ல் வந்த ‘எக்கோஸ்’ கேட்டிருப்பீர்கள். அதில் இரண்டு குரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாடும், எது யார் குரல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அது கில்மரும் ரைட்டும். அந்தப் பாட்டைத் தொடங்கி வைக்கும் ‘டிங்’ என்ற ஒற்றைப் பியானோ நாதமும் ரைட் விரலிலிருந்து வந்ததுதான். ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ வந்த 1973 வரைக்கும் அவர் இல்லாத ஃப்ளாய்டை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. அப்படிப்பட்டவரை 1979-ல் ‘தி வால்’ பதிவு நடக்கும்போதே குழுவிலிருந்து வெளியே தள்ளினார்கள். அந்த ஆல்பத்தின் மேடை நிகழ்ச்சிகளுக்குச் சம்பளத்துக்கு வாசிக்க வந்தார். நிகழ்ச்சிச் செலவு கட்டுக்கடங்காமல் போய் மற்ற மூவருக்கும் நஷ்டம். சம்பளம் வாங்கிய ரைட்டுக்கு மட்டும் கையில் பணம் நின்றது. இதை ரசிகர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை. தான் சேர்ந்து கட்டிய வீட்டில் கூலிக்கு நின்ற மனிதரின் கதை அது. 1983-ல் வந்த ‘தி ஃபைனல் கட்’ ஆல்பத்தில் அவர் அறவே இல்லை. 87-ல் திரும்ப வந்தபோதும் சம்பளக்காரராகத்தான் வந்தார்.

இப்போது 94 ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதை முதலில் கேட்டது கேசட்டில், கல்லூரி படிக்கும்போது. பிளேயரில் போட்டதும் ஒரே கரகரப்பு. ஏதோ நெருப்பில் சுள்ளி வெடிக்கிற மாதிரி, மழை தகரத்தில் விழுகிற மாதிரி ஒரு இரைச்சல். டேப் கெட்டுவிட்டது என்று நினைத்து வெளியே எடுத்தேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன், பென்சிலை விட்டுச் சுற்றி டேப்பை இறுக்கினேன், மறுபடி போட்டேன். அதே இரைச்சல். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று எரிச்சலில் அப்படியே ஓடவிட்டேன். ஒரு நிமிஷம் தாண்டியதும் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு பியானோ வந்தது. நாலைந்து நாதம்தான். பிறகு இடைவெளி. பிறகு கிடார் பதில் சொன்னது. திரும்பப் பியானோ. இரண்டு பேர் ரொம்ப நாள் கழித்துப் பார்த்து, எதில் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் தயங்கித் தயங்கி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வதுபோல இருந்தது.

அந்தப் பாட்டுக்குப் பெயர் ‘க்ளஸ்டர் ஒன்’. எழுதியவர்கள் ரைட்டும் கில்மரும். இவர்கள் இரண்டு பேர் பெயர் மட்டும் சேர்ந்து ஒரு பாட்டுக்கு வந்தது அதற்கு முன் 1972-ல். இருபத்திரண்டு வருஷம்! இந்த விவரம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கே அந்தத் தயக்கம் காதில் விழுந்தது.

அந்த ஆல்பம் உருவான விதமே வேறு. 1993 ஜனவரியில் கில்மர், ரைட், மேசன் மூவரும் லண்டனில் தங்கள் பழைய பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவுக்குள் போய், கையில் எதுவும் தயாராக இல்லாமல், சும்மா சேர்ந்து வாசித்தார்கள். பேஸ் கிடாரில் கை ப்ராட் வந்து சேர்ந்தார். வாசிக்க வாசிக்க அறுபத்தைந்து துண்டுகள் சேர்ந்தன. எதை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொருவரும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டார்கள். ரைட் தன்னுடைய துண்டுகளுக்கெல்லாம் பத்துக்குப் பத்து போட்டு, மற்றவர்களுடையதற்குப் பூஜ்யம் போட்டுவிட்டார். நண்பன் இதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்றான். எனக்குக் கண் கலங்கியது. பதினைந்து வருஷம் தன் பாட்டை யாரும் கேட்காமல் இருந்த ஒருவர் கையில் மார்க் ஷீட் கிடைத்தால் வேறென்ன போடுவார்? ஒப்பந்தப்படி அந்த நேரத்திலும் அவர் முழு உறுப்பினர் கிடையாது. அந்த மனக்கசப்பில் பாதியில் விலகிப் போகிற அளவுக்கு வந்து, பிறகு தங்கினார். கடைசியில் பதினொரு பாட்டில் ஐந்தில் அவர் பெயர் வந்தது.

இந்த ஐந்தில் ஒன்று ‘வேரிங் தி இன்சைட் அவுட்’. சண்டையை நான் ஜெயித்தேனோ இல்லையோ, இந்தப் பாட்டை வைத்துத்தான் பேசினேன். முதலில் டிக் பாரியின் சாக்ஸஃபோன், பழைய ஃப்ளாய்ட் ஆல்பங்களில் வாசித்த அதே மனிதர். அப்புறம் ஒரு குரல். கொஞ்சம் தணிந்த, கொஞ்சம் களைத்த, உதட்டைவிட்டு அதிகம் தாண்டாத குரல். ரைட்! 1973-க்குப் பிறகு ஃப்ளாய்ட் ஆல்பத்தில் முன்னால் நின்று அவர் பாடியது இதில்தான். வரிகள் ஆந்தனி மூர் எழுதியவை. நீண்ட காலம் வாய் திறக்காமல் உள்ளேயே கிடந்த ஒருவன் மெல்ல வெளியே வருவதைப் பற்றியவை. வேறு யார் பாடியிருந்தாலும் அது நல்ல பாட்டு, அவ்வளவுதான். ரைட் பாடும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் சாட்சி இருக்கிறது. பாட்டு வளர வளர கில்மர் குரலும் உள்ளே வருகிறது. அந்த இடத்தில் எனக்கு ‘எக்கோஸ்’ ஞாபகம் வராமல் இருந்ததே இல்லை.

94-ல் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘டேக் இட் பேக்’ எனக்குப் பிடிக்காது. அந்தக் காலத்து வேறு குழுக்களின் சாயலில், ரேடியோவுக்காகச் செய்தது போல இருக்கிறது. ஸ்டீபன் ஹாக்கிங்கின் கணினிக் குரலை ஒரு தொலைபேசி விளம்பரத்திலிருந்து எடுத்து ‘கீப் டாக்கிங்’கில் வைத்ததைப் பலர் மலிவான உத்தி என்கிறார்கள். அதில் நான் அவர்கள் பக்கம் இல்லை. பேச முடியாமல் போன மனிதர் பேசுங்கள் என்று சொல்வதற்கு மேல் அந்த ஆல்பத்துக்குப் பொருத்தமான குரல் எது? ஆல்பம் முழுக்கவே பேச்சைப் பற்றியதுதானே. உறையில் ஈலி என்ற ஊருக்குப் பக்கத்தில் வயல்வெளியில் இரண்டு பெரிய உலோகத் தலைகள் எதிரெதிராக நிற்கின்றன, நடுவில் தூரத்தில் தேவாலயம் தெரிகிறது. பாடல் வரிகளில் பெரும்பங்கு எழுத்தாளரும் கில்மரின் துணைவியுமான பாலி சாம்சனுடையது. கில்மர் பாட்டில் இத்தனை நேரடியான பேச்சு வந்ததற்கு அவர்தான் காரணம் என்பது என் எண்ணம். அவருக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டை ரசிகர்கள் இன்றும் கொடுப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

விற்பனைக் கணக்கை நான் இழுக்கவில்லை. 87 ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மூன்றாம் இடம் வரை போனது, 94 இரண்டிலும் முதலிடம். அதை வைத்து எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று யாராலும் சொல்ல முடியாது.

நண்பனுக்கு நான் கடைசியாகக் காட்டியது வேறு. 2019-ல் ‘தி லேட்டர் இயர்ஸ்’ என்ற பெட்டித் தொகுப்பில் 87 ஆல்பத்தைத் திருத்தி வெளியிட்டார்கள், 2021-ல் அது தனியாகவும் வந்தது. என்ன திருத்தம் தெரியுமா? மேசன் புதிதாக உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தார். ரைட் 2008-லேயே இறந்துவிட்டார். ஆகவே அவர் மேடைகளில் அந்தப் பாட்டுகளை வாசித்த பழைய பதிவுகளிலிருந்து கீபோர்டு பகுதிகளை எடுத்துக் கோர்த்தார்கள். முப்பது வருஷம் கழித்து அந்த ஆல்பத்தில் எது இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ‘யெட் அனதர் மூவி’யை இரண்டு பதிப்பிலும் அடுத்தடுத்துப் போட்டேன். முதலில் சுவரில் அடிப்பது போல விறைத்த சத்தம். இரண்டாவதில் அதே பாட்டுக்கு மூச்சு வந்திருந்தது.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “பழசுதான்டா எனக்கு வேணும். அவங்க பயந்துபோய் இருந்தது பழசுலதான் கேக்குது” என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பழைய பதிப்பு கடைகளிலிருந்து மறைந்துவிடக் கூடாது என்பதில் நான் அவனோடுதான் இருக்கிறேன். பெயர் நிற்குமா என்று தெரியாமல், நண்பர்களும் போய், பாதித் தெம்போடு ஒருவர் கிடாரைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் அதில் பதிவாகி இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்ப நான் போய் உட்காருவது 94-ல்தான்.

1993-ல் மூவரும் வாசித்து மிஞ்சிய துண்டுகளிலிருந்து 2014-ல் ‘தி என்ட்லெஸ் ரிவர்’ வந்தது. ரைட் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆல்பத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கமென்ட்டில் சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். வருவதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள்: ‘யெட் அனதர் மூவி’ இரண்டு பதிப்பையும், உடனே ‘வேரிங் தி இன்சைட் அவுட்’டையும் ஹெட்போனில், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேட்டுவிட்டு எழுதுங்கள். இருபது நிமிஷம் ஆகும்.