மதுரைக்கும் அல்மாட்டிக்கும் ஒரு குச்சி போதும்

தூரத்து நாட்டு வகுப்பறையோடு நம் வகுப்பறையை இணைக்க ஒரு குச்சியே போதும். செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும். அன்று மதுரையில் ஒரு பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டால், பகல் 12.10 வாக்கில், உச்சிப்பொழுதில், நிழல் 17.5 செ.மீ. அளவுக்குத்தான் விழும். கஜகஸ்தானின் அல்மாட்டி நகரம் கிட்டத்தட்ட மதுரைக்கு நேர் வடக்கே இருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து அங்கே உச்சிப்பொழுது. அதே உயரக் குச்சிக்கு அங்கே நிழல் 94 செ.மீ. நீளும்.

குச்சியும் நிழலும் சேர்ந்த இரண்டு முக்கோணத்தையும் நோட்டில் வரைந்து, குச்சி நுனியில் இருக்கும் கோணத்தைப் பாகைமானி வைத்து அளந்தாலே போதும், வித்தியாசம் 33 டிகிரி சொச்சம் வரும். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 3,700 கி.மீ. அந்தத் தூரத்தைக் கோண வித்தியாசத்தால் வகுத்து 360ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, ஏறக்குறைய 40,000 கி.மீ., பிள்ளைகள் கையிலேயே கிடைத்துவிடும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் எகிப்தில் போட்ட கணக்கின் வழிதான் இது.

உலக வகுப்பறைகளை இணைப்பது என்றால் எனக்கு இதுதான். அந்த ஊர்ப் பிள்ளை அளந்து சொன்னால்தான் இந்த ஊர்ப் பிள்ளையின் கணக்கு முடிய வேண்டும்.

இப்போது பெரும்பாலும் நடப்பது வேறு. திரையில் இரண்டு பக்கமும் கையசைப்பார்கள், ஆளுக்கொரு பாட்டுப் பாடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், முடிந்தது. அதிலும் இங்கிலீஷ் சரளமாகப் பேசும் இரண்டு பிள்ளைகளைத்தான் கேமரா முன்னால் நிறுத்துகிறோம். கணக்கில் புலியான பிள்ளை கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கவே வயிறு எரியும்.

இணைப்பு ஒன்றும் புதிதல்ல. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951லேயே தொலைதூரப் பண்ணைப் பிள்ளைகளுக்கு ரேடியோவில் பாடம் நடந்தது. பனிப்போர் முடியும் முன்பே, 1988இல், பின்னாளில் ஐஏர்ன் என்ற பள்ளி இணைப்பு அமைப்பாக வளர்ந்த திட்டம் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளைச் சேர்த்து வைத்தது. 1995இல் தொடங்கிய குளோப் திட்டத்தில் பல நாட்டு மாணவர்கள் மழையையும் வெப்பநிலையையும் ஒரே முறையில் அளந்து பொதுத் தளத்தில் சேர்க்கிறார்கள். இன்றைக்கும் அது நடக்கக் காரணம், பிள்ளைகளுக்கு அதில் செய்ய வேலை இருக்கிறது.

இனி வரப்போவதில் நான் பெரிதும் நம்புவது உடனடி மொழிபெயர்ப்பைத்தான். நம் பிள்ளை தமிழில் கேட்கட்டும், அங்கே அது கசாக் மொழியில் காதில் விழட்டும். மதுரைப் பேச்சும் சின்னப் பிள்ளையின் மழலையும் இயந்திரத்துக்கு இன்னும் சரியாகப் பிடிபடுவதில்லை. அந்தக் குரல்களையும் கேட்கவைத்துப் பழக்குவது நம் பல்கலைக்கழகங்களின் வேலை. அதுவரை எழுத்தில் அனுப்பினால் போதும்.

நேரலைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். அல்மாட்டிக்கும் நமக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம், சரி. அமெரிக்கப் பள்ளியோ நம் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் திறக்கும். நிழலின் படத்தையும் அளவையும் அனுப்பிவிட்டு மறுநாள் பதிலைப் பார்க்கலாம், நெட் மெதுவாக இருந்தாலும் ஓடும். பிள்ளைகளின் முகமும் போன் நம்பரும் வெளியே போகக் கூடாது, ஆசிரியர் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. குச்சிக்குச் செலவே இல்லை. இல்லாதது பீரியட்தான். செப்டம்பர் என்றாலே காலாண்டுத் தேர்வு. அந்த ஒரு நாள் உச்சி வேளையில் ஒன்பதாம் வகுப்பை வெயிலில் விடத் தலைமை ஆசிரியர்கள் மனம் வைக்க வேண்டும். கல்வித்துறை இதை வருடத் திட்டத்திலேயே எழுதிக் கொடுத்தால், அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்காது.