பழி நம் மீதும்தான்

எதிர்ப்புப் பாடல்கள் அரசையும் கம்பெனிகளையும் மட்டுமே திட்டுகின்றன என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். பாடகி அனோனியின் '4 டிகிரீஸ்' பாடலைக் கேட்டுப் பாருங்கள். 2015 நவம்பர் கடைசியில், பாரிஸ் பருவநிலை மாநாட்டை ஒட்டி வந்தது. உலகம் கொதிக்கட்டும், நாய்கள் தண்ணீருக்குக் கதறட்டும், பூமியின் வெப்பம் கூடுவது வெறும் நாலு டிகிரிதானே என்று பாடுகிறார். ஏசியைப் போட்டுக்கொண்டு 'நமக்கென்ன' என்று இருக்கும் எல்லாருடைய மனசும் அதுதான். தானும் இந்தப் பிரச்சினையின் ஒரு பகுதி என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். முரசு மாதிரி இடிக்கும் தாளம், வெற்றி விழாப் பாட்டு போலவே இருக்கும். எனக்கு வயிற்றைக் கலக்கியதே அதுதான். 2008இல் இவர் பாடிய 'அனதர் வேர்ல்ட்' மெதுவான சோகப் பாட்டு. கண் கலங்கிவிட்டு நாம் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். '4 டிகிரீஸ்' பாட்டில் அப்படித் தப்பிக்க முடியாது.