ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களுக்கு

நம் புத்தக வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமை இணையக் கூட்டத்தில், காதல் நாவலைப் பற்றிப் பேசிய ஓர் அக்காவை ஒருவர் கிண்டல் செய்ததையும் எல்லோரும் சிரித்ததையும் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து உள்பெட்டியில் ஆளாளுக்குச் சமாதானம் சொல்கிறீர்கள். "விடுங்க, அவர் பேச்சே அப்படித்தான், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார்." சரி, அவர் வைத்துக்கொள்ள மாட்டார். அந்த அக்கா வைத்துக்கொள்வார். நானும் வைத்துக்கொள்வேன்.

கூட்டத்தில் இருந்தவர்களுக்கு விவரம் தெரியும். பிடித்த நாவலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், அக்கா அந்த வாட்டர்லூ காதல் நாவலைப் பற்றிப் பேசினார். கணவர் போன பிறகு தூக்கம் வராத இரவுகளில் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்ததாகச் சொன்னார். பேச்சை முடிக்கக்கூட விடவில்லை. "காதல் வந்தா காயம் எல்லாம் ஆறிடும்னு நம்புற வயசாம்மா இது?" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தீர்கள். நடத்தியவரும் சிரித்துக்கொண்டே, "அடுத்து கொஞ்சம் சீரியஸான புத்தகத்துக்குப் போவோம்" என்றார். அக்கா மைக்கை அணைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் பெயரே திரையில் இல்லை. அதை யாராவது கவனித்தீர்களா?

நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த நாவலைப் படித்திருக்கிறீர்கள்? அட்டையைப் பார்த்திருப்பீர்கள். கடைசியில் கல்யாணம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது போதும் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இந்த வகை நாவலில் கடைசிப் பக்கம் எப்படி இருக்கும் என்பது முதல் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும். வாசகிகள் அதைத் தெரிந்துகொண்டுதான் கையில் எடுக்கிறார்கள். கதை நடப்பது நடுவில். அந்த நடுப்பகுதியைப் படிக்காமல் பேசாதீர்கள்.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கதை 1816ல் இங்கிலாந்தில் நடக்கிறது. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் முடிந்து ஒரு வருடம். அந்தப் போரிலிருந்து திரும்பிய ஒரு கேப்டன். கதவுக்கு முதுகைக் காட்டி அவனால் உட்கார முடியாது. இரவில் அலறிக்கொண்டு எழுகிறான். அவனுக்கு என்னவென்று சொல்ல அன்றைக்கு ஒரு பெயரே கிடையாது. போர் அதிர்ச்சியால் மனம் பாதிக்கப்படுவதைக் குறிக்கும் 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவ இதழில் அச்சானதே 1915ல். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இன்று நாம் சொல்லும் பி.டி.எஸ்.டி. (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு) இடம்பெற்றது 1980ல். ஆக, ஊரார் கண்ணுக்கு அவன் ஒரு கோழை, இல்லையென்றால் குடிகாரன்.

நாயகி ஒரு விதவை. கணவனிடம் அடி வாங்கியவள் இல்லை. செத்துப்போன கணவன் அவளுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் முதலில் தான் பிரித்துப் படித்துவிட்டு, கொடுக்கலாம் என்று தோன்றினால் மட்டும் கொடுத்தவன். இந்த இடத்தில் சரித்திரம் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை என்பதைப் பாருங்கள். 1840ல் ஒரு பென்னி தபால்தலை வரும் வரை அங்கே கடிதத்துக்குக் காசு கொடுத்தவர் பெரும்பாலும் அதைப் பெறுபவர்தான். வீட்டில் பணம் யார் கையில்? கணவன் கையில். காசு கொடுத்து வாங்குகிறவன் பிரித்துப் பார்த்தால் யார் கேட்பது? கல்யாணம் ஆனதும் மனைவியின் கையில் இருக்கும் பணமும் சம்பாத்தியமும் அன்றைய சட்டப்படி கணவனுடையவை. தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் முழு உரிமை இங்கிலாந்தில் மனைவிக்குக் கிடைத்தது 1882ல். 1857க்கு முன் மறுமணம் செய்துகொள்ளும்படியான விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். விதவை ஆனதால்தான் அவள் கையில் அவள் பணம் இருக்கிறது. இன்னொருவனைக் கட்டிக்கொண்டால் அதுவும் போகும். அப்படிப்பட்டவள் ஒருவனை நம்புகிறாள் என்றால் எவ்வளவு பெரிய காரியம் அது!

அந்தக் கேப்டன் என்ன செய்கிறான்? கவிதை சொல்வதில்லை. வாளைச் சுழற்றுவதில்லை. அவளுக்கு வரும் கடிதத்தை மேசையில் வைக்கிறான். அரக்கு முத்திரை மேலே தெரியும்படி, உடையாமல், அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுகிறான். முதல் தடவை அவள் முத்திரையை விரலால் தடவிப் பார்க்கிறாள். பிரித்து மறுபடி ஒட்டியிருப்பானோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். அடுத்த தடவையும். அதற்கடுத்த தடவையும். பக்கம் பக்கமாக இது நடக்கிறது. அவன் ஒருமுறைகூட "இன்னுமா என்னை நம்பவில்லை?" என்று கேட்பதில்லை. நாவலின் பின்பாதியில் ஒரு நாள் அவள் முத்திரையைப் பார்க்காமலே கடிதத்தைப் பிரித்துவிடுகிறாள். பிரித்த பிறகுதான் அவளுக்கே அது உறைக்கிறது.

இதைத்தான் அக்கா சொல்ல வந்தார். இதற்குத்தான் நீங்கள் சிரித்தீர்கள்.

இனி என் விஷயம். இங்கே பலருக்கு அரைகுறையாகத் தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய்த்தவர் கை ஓங்கியதில்லை. தினமும் இரவு என் போனை வாங்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். "மறைக்க என்ன இருக்கு?" என்பார். என் தோழிகளிடம் நான் எதற்கு இவ்வளவு நேரம் பேசினேன் என்று வரி வரியாகக் கேட்பார். வெளியே சொன்னால், "இதெல்லாம் ஒரு குறையா, பாசம்தானே" என்றார்கள். நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதிலிருந்து வெளியே வந்த பிறகும் ரொம்ப நாள், போனில் செய்தி வந்த சத்தம் கேட்டாலே வயிறு இறுகும். அந்தச் சமயத்தில் யாரோ கொடுத்த புத்தகம் அது. அந்த மேசை, அந்த முத்திரை வந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. இருநூறு வருடத்துக்கு முந்தைய யாரோ ஒருத்தி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள், எனக்கு அழுகை வருகிறது. எனக்கு நடந்தது பாசம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை எனக்கு எந்த சீரியஸான புத்தகமும் சொல்லவில்லை.

"அப்போ உங்க காயம் காதலால ஆறிடுச்சா?" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே பதில். எனக்கு எந்தக் கேப்டனும் வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருக்கவும் இல்லை. ஒருவரை மரியாதையாக நடத்துவது என்றால் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தேன், எழுத்தில்தான் என்றாலும். அதைப் பார்க்காமலே வாழ்ந்த ஒருத்திக்கு அது எவ்வளவு என்று உங்களுக்குப் புரியாது. அந்த நாவலிலும் காயம் மாயமாக மறைவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவன் ராத்திரியில் அலறி எழுகிறான். பக்கத்தில் விளக்கை ஏற்ற ஒருத்தி இருக்கிறாள், அதுதான் வித்தியாசம். படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

"மனநல மருத்துவரிடம் போக வேண்டியதுதானே, நாவல் எதற்கு?" என்பார்கள். போனேன். போகச் சொல்லி மற்றவர்களுக்கும் சொல்கிறேன். மருத்துவரிடம் போகிறவள் நாவல் படிக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

"இந்த நாவல்களில் பலாத்காரத்தைக் காதலாகக் காட்டியிருக்கிறார்களே?" ஆமாம், காட்டியிருக்கிறார்கள். 1972ல் காத்லீன் வுடிவிஸ் எழுதி அமெரிக்காவில் இந்த வகைக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்ட நாவலிலேயே அது இருக்கிறது. நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதற்கு எதிராக முதலில் சத்தம் போட்டவர்களில் இதே நாவல்களைப் படிக்கும் பெண்களும் இருந்தார்கள். இப்போது வருகிறவற்றில் எத்தனையோ மாறியிருக்கிறது. ஒன்றைக் காட்டி மொத்தத்தையும் குப்பை என்று தள்ளுவதாக இருந்தால், உங்கள் அலமாரியில் என்ன மிஞ்சும் என்று நானும் எண்ணிப் பார்க்கலாம்.

"தப்பித்தல் இலக்கியம்" என்றும் சொல்வார்கள். ஜேனிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் காதல் நாவல் படிக்கும் பெண்களை நேரில் பார்த்துப் பேசி, 1984ல் ஒரு புத்தகமே எழுதினார். எல்லோருக்கும் எல்லாம் செய்கிற வீட்டில், படிக்கிற அந்த நேரம் மட்டும் தங்களுக்கே தங்களுக்கானது என்று அந்தப் பெண்கள் அவரிடம் சொன்னார்கள். அந்த நேரத்தால் அவர்கள் வாழ்க்கை மாறிவிடுமா என்ற சந்தேகம் ராட்வேக்கே இருந்தது. இருக்கட்டும். மூச்சு விட இடம் கேட்பவளிடம், அதனால் உலகம் மாறுமா என்று கேட்பது என்ன நியாயம்?

அப்புறம் அன்றைக்கு இன்னொருவர் 'சிவகாமியின் சபதம்' நாவலின் சிவகாமியை இழுத்தார். "கல்கி எழுதினாரே, அதுதான் காவியச் சோகம்" என்று. சிவகாமிக்காக நானும் அழுதவள்தான். மாமல்லர் வந்து தன் கையைப் பிடித்து அழைத்துப் போகும் வரை வாதாபியை விட்டு வர மாட்டேன் என்று சபதம் போட்டுக் காத்திருக்கிறாள். வாதாபி எரிகிறது, அவள் காஞ்சிக்குத் திரும்புகிறாள். வந்து பார்த்தால் அவருக்குக் கல்யாணம் ஆகி, குழந்தைகளும் இருக்கிறார்கள். ஏகாம்பரநாதருக்கே தன்னைக் கொடுத்துவிடுகிறாள். 1944 முதல் 46 வரை தொடராக வந்த அந்தக் கதை இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் காயம் ஆறாமலே போனால் அது காவியம், ஆறினால் அது மலிவு என்கிறீர்களே, அது எப்படி? நாங்கள் தேறி எழுந்தால் மட்டும் கதையின் தரம் குறைந்துவிடுகிறதா? மனைவியை இழந்த ஆண் குடித்துக் குடித்துச் சாகும் நாவலைப் போன மாதம் முழுக் கூட்டமும் தலையில் வைத்துக் கொண்டாடியதே. அவன் துக்கம் தத்துவம். கணவனை இழந்தவள் ஒரு காதல் கதை படித்துத் தூங்கினால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

ஜேன் ஆஸ்டினை மட்டும் எல்லோரும் மதிப்பீர்கள், கிளாசிக் ஆயிற்றே. அவர் இறந்த பிறகு, 1817 டிசம்பரில் வெளிவந்த 'பெர்சுவேஷன்' நாவலை எடுத்துப் பாருங்கள். நிச்சயம் செய்த பெண்ணை இழந்த கேப்டன் பென்விக் சோகக் கவிதைகளிலேயே மூழ்கிக் கிடக்கிறான். நாவலின் நாயகி ஆன் எலியட் சிரிக்கவில்லை. உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்கிறாள். கேட்டுவிட்டு, கவிதையைக் கொஞ்சம் குறைத்து உரைநடையும் படியுங்கள் என்று சில புத்தகங்களைச் சொல்கிறாள். துக்கத்தில் இருப்பவரோடு புத்தகத்தைப் பற்றி எப்படிப் பேச வேண்டும் என்று இருநூறு வருடத்துக்கு முன்பே ஒரு பெண் எழுதி வைத்திருக்கிறார். அதே பென்விக் வேறொருத்தியை மணக்கப் போகிறான் என்றதும் செத்துப்போன பெண்ணின் அண்ணனுக்குத் தாங்கவில்லை. அங்கே ஒரு வாக்குவாதம் வருகிறது. பெண் மனம் மாறக்கூடியது என்றுதானே புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன என்கிறான் அந்த அண்ணன். ஆன் சொல்லும் பதில், அவற்றை எழுதிய பேனா ஆண்கள் கையில் இருந்தது என்பது. ஞாயிற்றுக்கிழமை மைக்கும் அப்படித்தான் இருந்தது.

"இவ்வளவு கோபம் தேவையா, ஒரு வரி கிண்டல்தானே?" தேவை. அக்கா அன்றைக்கு இலக்கிய விமர்சனம் செய்ய வரவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை, புத்தகத்தை நேசிப்பவர்கள் என்று நம்பி நம்மிடம் சொன்னார். என்ன படித்தோம் என்று ஒருவர் வாய் திறந்து சொல்வது எவ்வளவு நம்பிக்கையில் நடப்பது! முத்திரை உடையாத கடிதத்தை அவரே கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீங்கள் பிடுங்கிப் பிரித்து, சத்தமாகப் படித்துச் சிரித்தீர்கள். வயதைச் சொல்லி வேறு. என்ன வயது வரை காயம் ஆறலாம், எந்த வயதுக்கு மேல் கூடாது என்று சொல்ல நீங்கள் யார் சார்?

நேற்று அக்காவிடம் பேசினேன். "இனிமே நான் வரலம்மா, நீங்க பேசுங்க, நான் தனியா படிச்சுக்கறேன்" என்றார். அந்தத் 'தனியா' எனக்கு நெஞ்சில் குத்தியது.

நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் அக்காவுக்கு. அவர் விட்ட இடத்திலிருந்து பேசட்டும். கிண்டல் செய்தவர் அதற்கு முன்னால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கட்டும், எல்லோர் முன்னாலும் நாடகம் வேண்டாம். அக்கா வர மறுத்தால் அது அவர் இஷ்டம், வற்புறுத்த மாட்டேன். ஆனால் அழைப்பு உங்களிடமிருந்து போக வேண்டும். போகவில்லை என்றால் பட்டியலில் என் பெயரையும் எடுத்துவிடுங்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே படித்துக்கொள்கிறோம்.