படித்திருக்கிறீர்களா?

விமர்சகர் க.நா.சு. (க.நா. சுப்ரமண்யம்) என்றாலே, நல்ல புத்தகங்களுக்குப் 'பட்டியல் போட்டவர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவே இல்லை. நல்ல புத்தகத்தைப் படித்து முடித்தவனால் அதைச் சும்மா மூடி வைக்க முடியாது. யாரையாவது பிடித்து நிறுத்தி, 'இதைப் படித்தாயா?' என்று கேட்டாக வேண்டும். அந்தத் தவிப்புதான் அவருடைய பட்டியல்கள். ஒரு நூலுக்கே 'படித்திருக்கிறீர்களா?' என்று பெயர் வைத்தவர் அவர்.

கல்லூரிக் காலத்தில் நூலகத்தில் அட்டை கழன்ற 'நிலவளம்' கையில் கிடைத்தது. நார்வேக்காரரான ஹாம்சன் எழுதியது, தமிழில் க.நா.சு. ஆள் அரவமில்லாத காட்டு வழியில் ஒருவன் மூட்டையைச் சுமந்துகொண்டு நடக்கிறான், குடியிருக்க நிலம் தேடி. தொடக்கம் அவ்வளவுதான். பனியையே பார்த்திராத நான் அவன் பின்னாலேயே போய்விட்டேன். பக்க ஓரங்களில் யாரோ பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தார்கள். நான் மூச்சு விட்டு நின்ற இடங்களில் அவரும் நின்றிருக்கிறார்! முகம் தெரியாத அந்த வாசகரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஸ்வீடன் எழுத்தாளர்களான செல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்குவிஸ்டின் 'அன்புவழி' என்று தேடித்தேடிப் படித்தேன். எல்லாம் ஆங்கிலம் வழியாக அவர் கொண்டுவந்தவை. இத்தனைக்கும் அவர் சொந்தமாக நாவல் எழுதத் தெரியாதவர் இல்லை. 1946இலேயே 'பொய்த்தேவு' வந்துவிட்டது. தன் நாவலுக்குச் செலவிட்டிருக்கக்கூடிய நாட்களை இன்னொருவர் நாவலுக்கு, வரி வரியாக, எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு புத்தகத்தைப் பற்றி விமர்சகன் சொல்லக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு இதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றிலும் அவரோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஜனரஞ்சக எழுத்தை அவர் ஒதுக்கிய வேகம் எனக்கு வருத்தம் தருவது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் இல்லையென்றால் எனக்கு வாசிப்புப் பழக்கமே வந்திருக்காது. ஆனால் அந்தப் பழக்கத்தோடு அடுத்து எங்கே போவது என்று கை காட்டியவர் அவர்தான். 1986இல் அவருக்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்ததும் ஒரு விமர்சன நூலுக்குத்தான், 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்'. இரண்டே வருடத்தில் போய்விட்டார்.

இந்த வாரம் 'அன்புவழி'யை மூன்றாம் முறையாக எடுத்தேன். இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான பரபாஸ், கடைசியில் தானும் சிலுவையில் தொங்கியபடி இருட்டைப் பார்த்துப் பேசுகிறான். அவன் யாரிடம் பேசுகிறான்? கடவுளிடமா, வெறும் இருட்டிடமா? நேற்று ராத்திரி முழுக்க அதே யோசனை. சரி, உங்களில் யாராவது படித்திருக்கிறீர்களா? அந்த இடத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் வேண்டும்.