ஸ்கேன் செய்த பிடிஎஃப் எல்லோருக்கும் எட்டாது

"பிடிஎஃப் போட்டாச்சு, உரிமமும் திறந்ததுதான், இனி பார்வையற்றவர் உட்பட யாரும் பயன்படுத்தலாம்" என்று புள்ளிவிவர அட்டவணைகளை வெளியிடுவது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அதில் முதல் பாதி மட்டும் சரி. வலையை (WWW) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, தரவு எவ்வளவு திறந்தது என்று அளக்க வகுத்த ஐந்து நட்சத்திர அளவுகோலில், திறந்த உரிமத்தோடு (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு) வரும் பிடிஎஃப்புக்கு ஒரு நட்சத்திரம் உண்டு, சிஎஸ்விக்கு (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு) மூன்று.

ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க எழுத்தே இல்லை. ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள்) ஓட்டினாலும் 3 சில இடங்களில் 8 ஆகிவிடும், கட்டங்கள் குலையும். எக்செல்லிலிருந்து நேரடியாக எடுத்த பிடிஎஃப் கொஞ்சம் தேவலை. ஆனால் அட்டவணைக்கு டேக் (எது தலைப்பு, எது கட்டம் என்று சொல்லும் உள்குறி) இல்லையென்றால் "412" என்று மட்டும் காதில் விழும். எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாது.

சிஎஸ்வியையும் சேர்த்துப் போடுங்கள். தலைப்பு ஒரே வரிசையில் இருக்கட்டும், இணைத்த கட்டங்கள் வேண்டாம். யுடிஎஃப்-8இல் (தமிழ் உட்பட எல்லா எழுத்துகளையும் சேமிக்கும் குறியாக்க முறை) சேமிக்கும்போது, கோப்பின் தொடக்கத்தில் அந்த முறையை அடையாளம் காட்டும் பிஓஎம் குறியையும் சேருங்கள். அது இல்லாத கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் பல எக்செல் பதிப்புகளில் தமிழ்ப் பெயர்கள் குப்பை எழுத்தாகத் தெரியும் (கோப்பே கெட்டுவிட்டது என்று மூடிவிடுவார்கள்).

இன்னொன்று: சிறு சமூகங்களின் எண்ணிக்கை 1, 2 என்று வரும் கட்டத்தை, ஆள் யாரென்று தெரிந்துவிடாமலிருக்க மறைத்தால், அதே வரிசையில் மற்றொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். இல்லையென்றால் வரிசையின் மொத்தத்திலிருந்து மற்ற எண்களைக் கழித்தே மறைத்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம்.