பத்தாம் வகுப்பும் தண்ணீர்க் குடமும்

பெங்களூரு கண்டோன்மென்ட் பக்கம், வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கல் கட்டடத்தில் நடக்கும் ஓர் அரசுப் பள்ளியில்தான் என் அக்கா மகள் பத்தாவது படித்தாள். மங்களூர் ஓடும் உயர்ந்த கூரையுமாக அந்தக் கட்டடத்தைப் படம் பிடிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவதுண்டு. உள்ளே பிள்ளைகள் காலை எட்டரைக்கு ஸ்பெஷல் கிளாஸில் உட்கார்ந்தால், மாலை ஸ்பெஷல் கிளாஸும் முடிந்து வெளியே வர ஆறு மணியாகும்.

அவள் 2024 மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள். தேர்வுக்கு மொத்தம் 625 மதிப்பெண். அதில் கன்னடத்துக்கு 125, ஆங்கிலத்துக்கு 100, இந்திக்கு 100. வீட்டில் தமிழ் மட்டுமே புழங்கும் பெண்ணுக்குப் பாதிக்கு மேல் வீட்டார் சொல்லித்தர முடியாத மொழிகளில். அதே மாதங்களில்தான் ஊரெங்கும் போர்வெல்கள் வற்றிப்போயின. அக்கா வீட்டுவேலைக்குப் போகிறவள், திரும்ப எட்டு மணியாகும். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்பது இவள் பொறுப்பு. ஒருநாள் பார்த்தேன், இரண்டு குடங்களுக்கு நடுவே படிக்கட்டில் உட்கார்ந்து, அறிவியல் விடையொன்றை நான்காவது முறையாக எழுதிக்கொண்டிருந்தாள். புரிந்ததா என்று கேட்டேன். "அஞ்சு தடவ எழுதினா மனப்பாடம் ஆயிடும்னு மிஸ் சொன்னாங்க மாமா" என்றாள்.

பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதே பெருஞ்சுமை என்று மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993-லேயே எழுதிவிட்டது. 2020-ல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை, ஒன்பதாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடம் நாளுக்கு இரண்டு மணிநேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. நல்ல கணக்குத்தான். ஆனால் ஆறு மணிக்கு மேல் அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை எதுவும் இருக்காது என்று நினைத்துப் போட்ட கணக்கு அது. அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு மாலை வாய்க்கிறது?

பெற்றோர் கூட்டத்தில், மாலை வகுப்பையாவது விடுங்கள் என்று கேட்டேன். தலைமையாசிரியர் கோபப்படவில்லை. ரிசல்ட் குறைந்தால் பி.இ.ஓ. எனப்படும் வட்டாரக் கல்வி அதிகாரியின் அலுவலகத்தில் தாம்தான் நிற்க வேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் நிலைமையும் எனக்குப் புரிந்தது. இருந்தாலும், பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை அந்தப் பெண்ணின் தூக்கத்திலிருந்து எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காலையில், தலை தெளிவாக இருக்கும் நேரத்தில், ஒரு கணக்கைப் புரியும்வரை நடத்திவிட்டு நாலரைக்கு அனுப்பிவிடலாம் என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். அடுத்த கூட்டம் நடப்பதற்குள் தேர்வே முடிந்துவிட்டது.