மேலிட உத்தரவும் கள அதிகாரியின் உரிமையும்

"நவீன இராணுவங்களில் களத்தில் நிற்கும் இளநிலை அதிகாரி மேலிட உத்தரவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறான புரிதலைத் தருகிறது. 1806இல் நெப்போலியனிடம் யேனாவில் தோற்ற ஜெர்மானிய அரசான பிரஷ்யா படிப்படியாக வளர்த்தெடுத்து, பின்னர் அதன் படைத் தலைமை அதிகாரி மோல்ட்கே வேரூன்றச் செய்த, 'பணிசார் கட்டளை' (mission command) எனப்படும் முறையில், எதை, எதற்காகச் சாதிக்க வேண்டும் என்பதைத் தளபதியே வகுக்கிறார். எப்படி என்பதே கீழே விடப்படுகிறது. எதிரி ஆற்றைக் கடக்காமல் தடுக்கப் பாலத்தைப் பிடிக்குமாறு அனுப்பப்பட்டவர், எதிரி வேறிடத்தில் கடக்கத் தொடங்கினால், மறு உத்தரவுக்குக் காத்திராமல் அங்கே படையைத் திருப்பலாம், திருப்பவும் வேண்டும். ஆனால் அதை உடனே மேலிடத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். நம் டெல்டாவில் வாய்க்கால் கரை உடையும் நிலையில் மதகு ஷட்டரை இறக்கும் லஸ்கர் (பாசனப் பணியாளர்) யாரையும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அதற்காக, முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தையே அவர் மாற்றிவிடுவதுமில்லை. அமெரிக்கத் தரைப்படையின் 2019ஆம் ஆண்டுக் கோட்பாடும் இந்த உரிமையைத் தளபதியின் நோக்கத்துக்குள்தான் வைக்கிறது.